வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு பத்திரம்

“...என்னைப் பத்தி நாலு பேரு நாலு விதமாப் பேசட்டும்க்கா, நான் பதில் சொல்லிக்குவேன். வயித்துல இருக்கறதுக்கு எதுக்குக்கா பத்திரம்? அது இன்னா மனையா, கெணறா?”

இதைச் சொல்லும்போது அவள் வாயில் மூன்று குண்டூசிகள் இருந்தன. குண்டூசியைப் பல்லில் கடித்துக்கொண்டே தெளிவாகப் பேசுவது தையல்காரப் பெண்களுக்கு மட்டும் வரும் வித்தை. என் வலது கையை அவள் நீட்டச் சொல்லியிருந்தாள், பாதி தைத்த ஜாக்கெட்டின் கை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. என் இடது கையில், அப்போதுதான் படித்து முடித்த முத்திரைத்தாள். அவள் புருஷன் எங்களுக்கு இரண்டடி தள்ளி, சோற்றுத் தட்டின் முன்னால், பிசைந்ததைச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தத் தாளைப் பதிவு செய்வதாக இருந்தோம்.

அந்தத் தாளை அடித்தவள் நான்தான். அதனால் கதையை நான்தான் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு எதிரில், முத்திரைத்தாள் விற்கும் பாய் ஒருவரின் கடை வராந்தாவில், ஒரு டைப்ரைட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுவிட்டது. தமிழ் டைப்பை ஒரு இன்ஸ்டிடியூட்டில் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்து வந்தது. இங்கிலீஷும் அப்படித்தான். எனக்கு இங்கிலீஷில் நலம் விசாரிக்கத் தெரியாது, ஆனால் வில்லங்கம் தீர்க்கத் தெரியும்.

அந்த வேலையில் எனக்குப் பிடித்தது ஜனங்களின் பேச்சு. கையெழுத்துப் போடுவதற்கு முன் மனிதர்கள் எதையாவது சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். நிலத்தை விற்றுவிட்டுப் போன ஒருவர், “வர்றப்ப இந்தச் செருப்பு இவ்ளோ கனமா இல்லம்மா” என்றார். அதை நான் எந்தப் பத்திரத்தில் சேர்ப்பது? மனசில் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு முத்திரைத்தாளில் உள்ள நம்பிக்கை வேறு எதிலும் கிடையாது. இனிமேல் குடிக்க மாட்டேன் என்று பெண்டாட்டிக்கு முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தவர் உண்டு. பொதுச் சுவரில் சாய்ந்து நிற்கும் வேப்பமரத்தின் நிழல் காலையில் யாருக்கு, சாயந்தரம் யாருக்கு என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். நானே அடித்துக் கொடுத்தேன். சிரிக்காமல் அடித்துக் கொடுத்தேன். வாயால் சொன்னது காற்று, தாளில் ஏறினால்தான் சங்கதி என்று நானும் நம்பிய காலம் அது.

இந்தப் பெண் எனக்கு ஜாக்கெட் தைப்பவள். பெரிய கோபுரத்துக்குப் போகும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தாள். அவள் புருஷனுக்கு மணிலாக்கொட்டை மண்டியில் எடை போடும் வேலை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், குழந்தை இல்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் அவருக்கும் அவர் அண்ணனுக்கும் பாகம் பிரிக்காத நிலம் இருந்தது. அண்ணனுக்கு நாலு பிள்ளைகள். “என் நாலாவதத் தத்து எடுத்துக்கோடா. நெலமும் நவுராது, நீயும் தனியாக் கெடக்க வேணாம்” என்று அவர் வருஷத்துக்கு இரண்டு முறையாவது சொல்வாராம். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். தம்பியை வேலூருக்குப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனதே அவர்தான். அங்கே டாக்டர், குறை தம்பியிடம்தான் என்று, அண்ணனை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். அந்தச் சீட்டை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தவரும் அண்ணன்தான்.

ஒருநாள், பாய் மத்தியானத் தொழுகைக்குக் கிளம்பும்வரை எதிர்ச்சாரியில் காத்திருந்துவிட்டு, அவள் புருஷன் என்னிடம் வந்தார். கையில் ஒரு இங்கிலீஷ் படிவம். மெட்ராஸில் ஒரு லேடி டாக்டர் கொடுத்தது.

“இதுல இன்னா எழுதியிருக்குன்னு தெரியாம கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டு வந்தேங்க. அந்தம்மா சிரிச்சாங்க. படிச்சுச் சொல்லுங்க.”

படித்தேன். பாதி புரிந்தது. ‘டோனர்’ என்ற வார்த்தை எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை, தான செட்டில்மெண்டுகளில் வருவது. தானம் கொடுப்பவர். ஆனால் நான் பார்த்த தானப் பத்திரங்களில் கொடுப்பவருக்குப் பெயர் இருக்கும், தகப்பன் பெயர் இருக்கும், ஊர், தொழில், வயசு எல்லாம் இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. ‘கொடுப்பவர் யாரென்று நாங்கள் எக்காலத்திலும் கேட்க மாட்டோம்’ என்று மட்டும் இருந்தது. இரண்டாவது முறை படித்தபோதுதான் விஷயம் எனக்கு உறைத்தது. யாரோ ஒருவர் கொடுத்ததை டாக்டர் ஊசி வழியாக அவளுக்கு வைப்பார். உண்டாகும் குழந்தையைத் தன் குழந்தையாகவே புருஷன் ஏற்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லக் கூடாது. கீழே இரண்டு பேரும் கையெழுத்து.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான் அந்தம்மாவ ஒண்ணு கேட்டேங்க. எங்க ஜாதிக்காரனான்னு கேட்டுட்டேன். ‘அடிபட்டு ரத்தம் ஏத்தறப்ப இப்படித்தான் விசாரிப்பியா’ன்னாங்க. மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. ஆனா எங்கூட்டுக்காரி கேட்டா பாருங்க ஒண்ணு, அந்தம்மாவே பேனாவக் கீழ வெச்சிட்டாங்க.”

அவள் கேட்டது இது: அந்த ஆள் இன்னும் எத்தனை பேருக்குக் கொடுப்பார்? நாளைக்கு முறை தெரியாமல் அண்ணனுக்கே தங்கச்சியைக் கட்டிக் கொடுத்துவிட்டால்? டாக்டர், கொடுப்பவர்கள் எல்லாம் வெளியூர் ஆட்கள் என்றாராம். அதற்கு இவள், “வெளியூர்க்காரங்க தானேம்மா பொண்ணு கேட்டு வர்றாங்க?” என்றிருக்கிறாள்.

பதில் இல்லாமலே இவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஆசை பெரிது. நாலு மாதம், மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் போய் வந்தார்கள். அந்த நாட்களில்தான் எங்கோ வெளிநாட்டில் குழாயில் உண்டான குழந்தை என்று பேப்பரில் போட்டதைப் பற்றி டீக்கடையில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வக்கீல் குமாஸ்தா ஒருவர், என் வராந்தாவில் தினம் இரண்டு தடவை வந்து உட்காருபவர், “அங்க குழாய்ல கொழந்தையே வருதாம். நம்ம முனிசிபாலிடி குழாய்ல தண்ணி வரவெக்க ஒரு டாக்டரக் கூட்டியாங்கப்பா” என்பார். எல்லாரோடும் நானும் சிரித்தேன். தெரிந்த சங்கதியை மறைத்துக்கொண்டு சிரிப்பது அவ்வளவு லேசு இல்லை.

ஐந்தாவது மாதம் போக வேண்டியிருக்கவில்லை. நாள் தள்ளிப் போயிருந்தது.

நியாயமாக இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் கீழ்பென்னாத்தூரில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து வந்தது. பந்தியில் பரிமாறிக்கொண்டே வந்த அவர் அண்ணி, இவள் இலைக்கு நேராக வந்ததும், பக்கத்து இலைக்காரியிடம் சொல்வதுபோல் சொன்னாளாம்: “பதினோரு வருஷம் கழிச்சு சாமி கண்ணத் தொறந்துச்சாமே. சாமிதான் தொறந்துச்சா, வேற யாராச்சும் தொறந்தாங்களா?”

இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் இவள் எழுந்தாள். அவர்தான் எதிர்ப் பந்தியில் பாதியில் எழுந்துவிட்டார்.

மறுநாள் அவர் என்னிடம் வந்தார். “அண்ணனுக்கு வேலூர் சீட்டு தெரியுங்க. அண்ணிக்குத் தெரியாம இருக்குமா? கொறை எங்கிட்டன்னா, இவ எங்க போயிட்டு வந்தான்னு தானே பேசுவாங்க? நாளைக்கு நான் இல்லாத காலத்துல இவளை எவனும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது. நான் தெரிஞ்சு, சம்மதிச்சு, டாக்டர் மூலமா உண்டானதுன்னு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி ரிஜிஸ்டர் பண்ணிடுங்க.”

பெண்டாட்டியின் பெயருக்காகத் தன் குறையைச் சர்க்கார் முத்திரையோடு எழுதித் தருகிறேன் என்று வந்து நின்ற ஆண்பிள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதில் நான் மயங்கிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். யோசிக்கவில்லை.

பாயிடம் தாள் வாங்கப் போனார். பாய் விற்ற ஒவ்வொரு தாளுக்கும் பேர், ஊர் எழுதிக்கொள்வார். எதற்கு என்றும் கேட்பார். சட்டம் கேட்கச் சொன்னதோ இல்லையோ, பாய் கேட்பார்.

“எதுக்குன்னு எழுதிக்கட்டும்?”

“மனை பாய்.”

“மனை எங்க?”

“இன்னும் ஆவல பாய். இனிமே தான்.”

பாய் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “ஆவாத மனைக்கு இந்த வேர்வை ஜாஸ்திப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு, தாளின் முதுகில் பேரையும் நம்பரையும் போட்டுக் கொடுத்தார்.

நான் என் மாதிரிக் கட்டைப் பிரித்தேன். கிரயம், அடமானம், குத்தகை, பாகப்பிரிவினை, விடுதலை, தானம். எல்லாவற்றுக்கும் மாதிரி வைத்திருந்தேன். இதற்கு இல்லை. தேடித் தேடி, கிட்டத்தில் வருவது என்று ஒன்றை எடுத்தேன்: சுவீகாரப் பத்திரம். தத்து எடுப்பதற்கான மாதிரி. அதில் இரண்டு வரியை மாற்றினால் போதும் என்று தோன்றியது. ‘மெட்ராஸில் வைத்திய முறையில் உண்டாகி என் மனைவியின் வயிற்றில் வளர்ந்து வரும் குழந்தையை, என் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில், என் சுவீகாரக் குழந்தையாக ஏற்று, என் அசையும் அசையாச் சொத்துகளைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திரத்துடன் அடையத்தக்க வாரிசாக...’ என்று போனது. முதலில் பெயர்களுக்கு இடம் விட்டு வெள்ளைத்தாளில் அடித்தேன். அவருக்குப் படித்துக் காட்டினேன். புத்திர பௌத்திர என்ற இடத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அந்த வரிய மட்டும் இன்னொரு வாட்டி படிங்க.”

படித்தேன். எனக்கே என் கைவேலையில் பெருமையாக இருந்தது. முத்திரைத்தாளில் பெயர்களோடு திருத்தமாக அடித்து வைத்தேன்.

“ரெண்டு சாட்சி வேணும்” என்றேன்.

“மண்டியில ரெண்டு பேரக் கூட்டியாறேன்.”

“அவங்க படிச்சுப் பாப்பாங்களே.”

“படிக்கத் தெரியாதவங்களாப் பாத்துக் கூட்டியாறேங்க.”

அவர் போன பிறகு அந்த வார்த்தை என்னை விடவில்லை. படிக்கத் தெரியாத இரண்டு பேரைக் கூட்டிவந்துவிடலாம். எதிர் ஆபீசில் இருப்பவர்கள்? அந்த நாளில் பதிவாகும் பத்திரத்தையெல்லாம் பெரிய புத்தகத்தில் கையால் நகல் எழுதுவார்கள். ஒருவர் சத்தமாகப் படிப்பார், ஒருவர் எழுதுவார். வெற்றிலை போட்ட வாயோடு, நல்ல கனத்த குரலில். வேப்பமரத்து நிழல் பத்திரத்தை அவர்கள் படித்தபோது தெருவே கேட்டுச் சிரித்தது. டாக்டர் யாரிடமும் சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கிய சங்கதியை, நான் தெருவில் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.

மறுநாள் முன்பகலில் குமாஸ்தா வந்தார். என் வயசுதான், ஆனால் கோர்ட்டில் இருபது வருஷம் பழகிய நாக்கு. பெயரில்லாத வெள்ளைத்தாள் நகலைக் கொடுத்தேன்.

“யாரு இது?”

“ஊருக்குப் புதுசு.”

“பொய் சொல்லாதே. நம்மூரு ஆளுக்குத்தான் இப்படில்லாம் தோணும்.” சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தவர், பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டார். “புருஷனும் பொண்டாட்டியும் ஒரே வூட்ல தான இருக்காங்க?”

“ஆமா.”

“அப்போ சட்டத்துக்கு அது அவன் கொழந்தை. முடிஞ்சுது. எந்த ஊரு டாக்டர் சீட்டையும் சட்டம் திரும்பிப் பாக்காது. கல்யாணம் ஆயிருக்கா, ஒண்ணா இருந்தாங்களா, அவ்ளோதான் அதோட கேள்வி. நீ இன்னா பண்ணி வெச்சிருக்கே? அப்பன் தன் புள்ளையத் தானே தத்து எடுக்கறான். எவனாச்சும் தன் வூட்டத் தானே வெலைக்கு வாங்குவானா? வாங்கினான்னா, அது அதுவரைக்கும் அவன் வூடு இல்லன்னு தானே அர்த்தம்?”

நகலைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன், அவர் தரவில்லை.

“இன்னொண்ணு. தத்துன்னா குடுக்கற கை ஒண்ணு வேணும், வாங்கற கை ஒண்ணு வேணும். பொறக்காததக் குடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. இங்க குடுக்கறவன் யாரு?”

“அவருக்குப் பேர் இல்லை” என்றேன்.

குமாஸ்தா தாளை மடித்து என்னிடம் நீட்டினார். “இது செல்லாத பத்திரம். ஆனா செல்லாத பத்திரத்துக்கும் நகல் குடுப்பாங்க. சொத்தைப் பத்தி ஒரு வரி போட்டுட்டே பாரு, இனிமே எவன் வேணா மனு போட்டு நகல் வாங்கலாம். பங்காளி எவனாவது அத எடுத்துக்கினு கோர்ட்டுக்கு வந்தான்னா, ஜெயிக்கறானோ தோக்கறானோ, அந்தக் கொழந்தைக்கு மீசை மொளைக்கற வரைக்கும் இழுத்தடிப்பான்.”

“இதை எழுதலைன்னா அந்தப் பொண்ணு பேரு?”

“அது சட்டத்தோட வேலை இல்லம்மா. பேப்பர் இருந்தா பொண்ணுக்கு நல்ல பேரு, கொழந்தைக்குக் கெட்ட காலம். பேப்பர் இல்லன்னா மாத்திப் போட்டுக்கோ.” எழுந்து குடையை எடுத்துக்கொண்டவர், “இத எங்கிட்ட காட்டுனத மறந்துடு. நானும் மறந்துட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் குழாய் ஜோக்கைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று மத்தியானமே, போன ஜாக்கெட்டில் கை இறுக்கம், தைக்கிற புதிதில் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு, முத்திரைத்தாளை ஃபைலுக்குள் செருகி அவள் வீட்டுக்குப் போனேன். அவர் மண்டியிலிருந்து சாப்பிட வந்திருந்தார். அவரிடம் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். ஆனால் அவளைப் பார்த்ததும், இந்தத் தாளில் பாதி அவளுடைய சங்கதி, அவளுக்கு இதுவரை யாரும் படித்தே காட்டவில்லையே என்று தோன்றியது. ‘ஏதோ எழுதறார்’ என்றுதான் அவளுக்குத் தெரியும். படித்தேன். அவள் என் ஜாக்கெட்டின் கையில் குண்டூசி குத்திக்கொண்டே கேட்டாள். புத்திர பௌத்திர வந்தபோது அவளுக்குக் கண் ஒன்றும் கலங்கவில்லை.

குமாஸ்தா சொன்னதையும் சொன்னேன். பெயர் சொல்லாமல்தான் கேட்டேன் என்றும் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ உன்னைப் பேசினா?” என்று அவளைக் கேட்டார். “அன்னைக்குப் பந்தியில அண்ணி பேச்சக் கேட்டுகினு இருந்தியே, இன்னும் கேப்பியா?”

“அன்னைக்கு ஏன் பேசினாங்க? நீங்க அண்ணங்கிட்ட வாயத் தொறக்கல, அதனால. நான் அப்பன் ஆவப்போறேன்னு ஒரு வார்த்த நேரா நின்னு சொன்னீங்களா? கூட்டத்துல ஒளிஞ்சு உக்காந்துகினீங்க. உங்களுக்கே வெக்கமா இருந்தா அவங்களுக்கு எப்படி இருக்கும்?”

“வெக்கம் இல்லடி.”

“பின்ன?”

அவர் பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். “பயம். அது பொறந்து, என் மூஞ்சி மாதிரி இல்லன்னா?”

“எங்கப்பா மூஞ்சி மாதிரி இருக்கட்டுமே. எங்கப்பா மூஞ்சிக்கு இன்னா கொறச்சல்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, ஆனால் முகத்தில் வேறு என்னவோவும் இருந்தது. “வெள்ளிக்கெழமை போயி அண்ணங்கிட்ட சொல்றேன்” என்றார். “எப்பிடி ஆச்சுன்னு கேட்டா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

“கேட்டா ‘எம்புள்ள’ன்னு சொல்லுங்க. அதுக்கு மேல கேட்டா என்னக் கேக்கச் சொல்லுங்க.”

இங்கே ஒரு நிமிஷம் அந்த வீட்டை விட்டு வெளியே வருகிறேன்.

இதை எழுதலாமா என்று அவளிடமே போய்க் கேட்டேன். இப்போது கண்ணுக்கு இரண்டு கண்ணாடி வைத்திருக்கிறாள், ஊசியில் நூல் கோர்க்க ஒன்று, மனிதர்களைப் பார்க்க ஒன்று. மனிதர்களைப் பார்க்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “பேரு போடாதீங்க. எம்பொண்ணுக்கு எல்லாம் தெரியும், அதனால எழுதுங்க” என்றாள். பெண் குழந்தைதான் பிறந்தது. வேறு யார் சாடையும் இல்லை, அம்மா சாடை மட்டும். காலேஜ் போகிற வயசில் மகளை உட்கார வைத்து, மெட்ராஸ் படிவத்தைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டி, எல்லாவற்றையும் வாயால் சொன்னாளாம். அப்பா பக்கத்தில் இருந்தாராம். மகள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பாவுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, “நீங்க ஏம்ப்பா அழறீங்க, எனக்கு இன்னா ஆச்சு இப்போ” என்றாளாம்.

அந்த மகள் பிற்பாடு உண்டாகியிருந்தபோது, ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டை நிரப்பச் சொன்னார்கள். தகப்பன் வழியில் சர்க்கரை உண்டா, இருதயம் உண்டா, பிறவிக் குறை உண்டா என்று. ‘தெரியாது’ என்று எழுதிவிட்டு வந்தாளாம். வாழ்நாள் முழுக்க எழுத வேண்டிய பதில் அது. கேட்கவே மாட்டோம் என்று அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள். போடாத அவள் ஏன் கேட்கக் கூடாது? இதை நான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொடுத்தவர் எங்கேயோ இருப்பார், தாத்தா ஆகியிருப்பார், அவருக்கும் ஒரு பயம் இருக்கும். யார் பக்கம் நியாயம் என்று என்னால் ஒரு தாளில் அடிக்க முடியவில்லை.

இன்னொன்று. மகளை எங்கே கொடுப்பது என்று வந்தபோது, வெளியூர் மாப்பிள்ளைகளை இவள் ஒருவர் விடாமல் தட்டிக் கழித்தாள். கடைசியில் தன் கூடப்பிறந்த அண்ணன் மகனுக்கே கொடுத்தாள். “அங்க முறை எனக்குத் தெரியும்க்கா, கண்ணக் கட்டிகினு குடுக்கலாம்” என்றாள். நெருங்கின சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அதே ஆஸ்பத்திரியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தெரியாத ரத்தத்துக்குப் பயந்து தெரிந்த ரத்தத்துக்குள் போனாள். டாக்டர் அன்றைக்குப் பேனாவைக் கீழே வைத்தாரே, அந்தக் கேள்விக்கு அவளாகப் போட்டுக்கொண்ட பதில் இது. சரியா தப்பா என்று சொல்ல எனக்கு எட்டாவது போதாது. பேரப்பிள்ளைகள் இரண்டும் நன்றாக ஓடுகின்றன.

அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். அவர் அண்ணனிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டாரே தவிர, என் இடது கையில் இருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அது பாட்டுக்கு இருக்கட்டுமே, ரிஜிஸ்டர் பண்ணாம. பொட்டியில வெச்சுக்கலாம். இவ பேருக்கு ஒரு காவலு” என்றார் என்னைப் பார்த்து, அவளுக்காக.

அவள் என்னைப் பார்த்து, அவருக்காகப் பதில் சொன்னாள்.

“இவுரு நல்லதுக்குத்தான் எழுதுனாரு, அது எனக்குத் தெரியும்க்கா. எனக்குக் காவல் வேணும்னா அந்த ஆஸ்பத்திரி பேப்பர் போதும், அது எம்பொட்டியில இருக்குது. கேக்கற வயசு வந்தா நான் எடுத்துக் காட்டறேன், நான் வாயால சொல்றேன். இந்தப் பேப்பரு எனக்கு முந்தி போய் அதுகிட்ட சொல்லிடக் கூடாது. உங்கப்பன் உன்னத் தத்து எடுத்தான்னு எவனாச்சும் நகல் வாங்கிட்டு வந்து அது மூஞ்சியில காட்டினா, அது இன்னா பதில் சொல்லும்? என்னைப் பத்தி நாலு பேரு நாலு விதமாப் பேசட்டும்க்கா, நான் பதில் சொல்லிக்குவேன். வயித்துல இருக்கறதுக்கு எதுக்குக்கா பத்திரம்? அது இன்னா மனையா, கெணறா?”

மூன்று குண்டூசிகளையும் வாயிலிருந்து எடுத்துத் தன் ரவிக்கையின் ஓரத்தில் குத்திக்கொண்டாள். கையை நீட்டினாள். கொடுத்தேன்.

“கிழிச்சிடாதே! கவர்மெண்டு பேப்பர்” என்று அவர் பதறி எழுந்தார்.

“யாரு கிழிக்கறா?”

தாளை வெட்டுப் பலகையில் விரித்து, எழுத்து கீழே போகும்படி திருப்பிப் போட்டாள். தடிமனாக இருக்கிறதா என்று விரலால் நெருடிப் பார்த்தாள். என் வலது கையை மறுபடி நீட்டச் சொல்லி, டேப்பைத் தோளில் வைத்து முழங்கைக்கு மேல் வரை இழுத்தாள், பிறகு சதையைச் சுற்றிப் பிடித்தாள். நீலச் சாக்கட்டியால், பாய் போட்ட பேருக்கும் நம்பருக்கும் குறுக்காகவே, வளைவாக ஒரு கோடு போட்டாள். கத்தரிக்கோலை எடுத்தவள் என்னை நிமிர்ந்து பார்த்து, “எறக்கம் அரை இஞ்சு ஜாஸ்தியே வெக்கறேன்க்கா, இனிமே உங்க கைக்கு இந்த அளவு தான்” என்றாள். கத்தரியை ஓரத்தில் வைத்து, ஒரே வெட்டாக, வளைவு பிசகாமல், என் ஜாக்கெட் கைக்கான அளவு மாதிரியை வெட்ட ஆரம்பித்தாள்.